ஒரே நாளில் மூன்று தேசம்

சேலம், நாமக்கல் பக்கம் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஏற்காட்டுக்கு மட்டும் வந்துபோகிறவர்கள். ஒரு நாடு பிறந்த இடத்தைப் பார்க்க ஊர் உலகம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறது. நம் சமவெளியில் அறுபது கிலோமீட்டருக்குள் மூன்று நாட்டுக்குச் சொந்தம் கொண்டாடுகிறோம். ஆகவே சுற்றுலாத் துறைக்கு ஒரு யோசனை: 'ஒரே நாளில் மூன்று தேசம்'. ஏசி வேன், மதியச் சாப்பாடு உட்பட.

ஆள் சேருமா என்ற கவலையே வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் நம் சொந்தங்கள் போதும். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைப் போலீஸ்காரர் முட்டியால் அழுத்திக் கொன்றபோது முகப்புப் படத்தைக் கறுப்பாக்கி அழுதார்களே, அவர்கள்தான். அவர்களில் சிலருக்கு 2023இல் கண்ணீர் வற்றிவிட்டது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கலிஃபோர்னியாவில் ஒரு மசோதா வந்ததும் 'எங்களை அவமானப்படுத்தாதே' என்று அதே விரலால் மனு தட்டினார்கள். சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் கவின் நியூசம் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதுமாம். எங்கேயோ கேட்ட வசனம்.

வண்டி சேலத்தில் கிளம்பும். முதல் தேசம், திராவிடம். 1944 ஆகஸ்டு 27, இங்கேதான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். எறிந்தார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம் போனது. அப்பன் கொடுத்த பட்டம் ஃபிளெக்ஸ் பேனரில் பத்தடி உயரத்துக்கு நிற்கிறது. நேரமிருந்தால் திருமலைகிரிக்கும் போய்வரலாம். 2023 ஜனவரியில் அங்கே கோயிலுக்குள் வந்த தலித் இளைஞரை ஊரார் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசியவர் திராவிடக் கட்சியின் ஒன்றியச் செயலாளர். வீடியோ வெளியானது, கட்சி இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைதும் செய்தது. செல்போனில் படம் பிடிக்க ஆளில்லாத நாட்களைப் பற்றிக் கேட்காதீர்கள்; வழிகாட்டிக்கு அதற்குப் பயிற்சி தரவில்லை.

அடுத்து சங்ககிரி. 1805இல் தீரன் சின்னமலையை வெள்ளையர்கள் தூக்கில் போட்ட கோட்டை. ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அவரை மறுபடி சந்திப்போம்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கிய இடம். கதர், கள்ளுக்கடை எதிர்ப்பு, தீண்டாமை ஒழிப்பு. இந்தியா என்ற தேசத்துக்கு இங்கே ராட்டையில் நூல் நூற்றார்கள். கதர்த் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து ஏறப்போகும் மலையில் முகம் துடைக்க வேண்டியிருக்கும்.

மலைமேல் அர்த்தநாரீஸ்வரர். பாதி ஆண், பாதி பெண், ஒரே உடம்பு. படிவழியில் அறுபதாம் படி இருக்கிறது. அதில் நின்று பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுவார்கள் என்பார்கள். 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி தன்னுடன் படித்த பெண்ணோடு இந்தக் கோயிலுக்கு வந்தார். பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் குற்றம். அவர் தலித், அந்தப் பெண் கவுண்டர். தீரன் சின்னமலையின் பெயரை மாட்டிக்கொண்ட ஒரு பேரவையின் தலைவர் யுவராஜும் ஆட்களும் வந்தார்கள், விசாரித்தார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள். கோயில் சிசிடிவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியும்தான். மூன்றாவது தேசம் இதுதான், சாதி: இதற்குக் கொடியும் ராணுவமும் உண்டு, 'நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?' என்று கேட்கும் குடியுரிமை அலுவலகம் டீக்கடைக்கு டீக்கடை உண்டு.

அதே ஆண்டு ஜனவரியில், இதே கோயிலை வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய நாவல் ஊர் மானத்தைக் கெடுத்துவிட்டதென்று திருச்செங்கோட்டில் கடையடைத்தார்கள். காகிதத்தில் கெட்ட மானம், ஐந்து மாதம் கழித்து ஒரு பிள்ளையின் கழுத்து அறுபட்டபோது கெடவில்லை போலிருக்கிறது.

கோகுல்ராஜைக் கூட்டிக்கொண்டு போன மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. தலை தனியாக. தற்கொலை என்று நம்பவைக்க அவரை மிரட்டிக் கடிதமும் எழுதி வாங்கியிருந்தார்கள். போலீஸ் தேடிக்கொண்டிருக்க, யுவராஜ் வாட்ஸ்அப்பில் வீரவசனம் பேசிக்கொண்டிருந்தார். ஊரே காதில் வைத்துக் கேட்டது. வழக்கை விசாரித்துவந்த டிஎஸ்பி விஷ்ணுப்பிரியா செப்டம்பரில் தூக்கில் பிணமாகக் கிடைத்தார். வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் யுவராஜுக்கும் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில், சிசிடிவியில் இருப்பது நானே இல்லை என்றார் முக்கிய சாட்சியான அந்தத் தோழி. அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவரை அப்படிச் சொல்லவைத்த பயத்துக்குத்தான் கைவிலங்கு கிடையாது.

இங்கே அமெரிக்கச் சொந்தங்களுக்கு ஊர் ஞாபகம் வரட்டும். 1955இல் மிசிசிப்பியில் எமெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஏதோ பேசிவிட்டான் என்று அடித்துச் சிதைத்து ஆற்றில் போட்டார்கள். வெள்ளையர்களே உட்கார்ந்த ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் கொன்றவர்களுக்கு விடுதலை கொடுத்தது. அவன் பெயரில் கும்பல் கொலைத் தடுப்புச் சட்டம் வந்தது 2022 மார்ச்சில், அறுபத்தேழு வருஷம் கழித்து. நம் தீர்ப்பு வந்த அதே மாதம். அதற்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டு ஓய்ந்த நமக்கு 2025 அக்டோபரில் கிடைத்தது, சட்டத்தைப் பற்றி யோசிக்க ஓர் ஆணையம்.

திரும்பும்போது கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம். சுற்றுலாவின் கடைசி அயிட்டம் தேர்வு. கேள்வியை நான் தயாரிக்கவில்லை. 2022இல் இதே பல்கலைக்கழகம் எம்.ஏ. வரலாறு மாணவர்களிடம் கேட்டதுதான்: தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? மகர், நாடார், ஈழவர், ஹரிஜன், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். பெரியார் பெயர் போட்ட வாசலுக்குள், பெரியார் படத்துக்குக் கீழே. கேட்டதற்குத் துணைவேந்தர் தரப்பு சொன்ன சமாதானம்: கேள்வித்தாளை வெளி ஆசிரியர்கள் தயாரித்தார்கள், முன்கூட்டியே கசிந்துவிடக் கூடாது என்று நாங்கள் படித்துப் பார்ப்பதில்லை.

கேள்வியை மூடி வைத்தார்கள், சரி. விடைதான் நம்மூரில் தொட்டில் கட்டும்போதே கசிந்துவிடுகிறதே.