தட்டில் பத்து, வயிற்றில் இரண்டு: வட்டவளையிலிருந்து டவுனுக்குப் போவோரின் உண்டி ஒழுக்கம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பாரிஸுக்கு இரண்டு இரவு, பிராக் நகருக்கு மூன்று இரவு என்று பெட்டி கட்டுகிறவர்களுக்கு எங்கே தின்பது, எதைக் குடிப்பது என்று சொல்லப் புத்தகங்கள் மலிந்து கிடக்கின்றன. வட்டவளையிலிருந்து காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிற குடும்பத்துக்கு மட்டும் அப்படியொரு கைநூல் இல்லை. கொண்டுபோகிற பணத்துக்கும் தின்கிற பண்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், உலகத்தின் நுட்பமான நகரச் சுற்றுலா இதுதான். அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்ட குறையை நிவர்த்திக்கவே இச்சிற்றாய்வு.

கருதுகோள் ஒன்றே: டவுனில் ஒருவர் எதைத் தின்றார் என்பதைவிட, தின்றதை யார் எண்ணினார் என்பது முக்கியம்.

2. களமும் காலமும்

வட்டவளை ஹட்டனுக்குச் சற்றுக் கீழே, அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியிலும் மலையகப் புகையிரதப் பாதையிலும் ஒருசேர அமைந்த ஊர். ரயில் 1874இல் நாவலப்பிட்டியைத் தொட்டது. 1885இல் நானுஓயாவை அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் வட்டவளையைக் கடந்து போயிற்று. தீவின் பிற பாகங்களில் உள்ளவர்கள் இவ்வூரின் பெயரைத் தேயிலைப் பைக்கட்டில் படித்திருப்பார்கள். அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருப்பதை அறிந்து வியந்தவர்களும் உண்டு.

பூகோளப் பாடம் படித்தவர்களுக்கு வட்டவளை வேறொன்றால் பழக்கம்: மழை. இலங்கையின் மிக ஈரமான இடங்களில் இது ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பினால் செப்டெம்பர் வரைக்கும் குடை ஓர் உடல் உறுப்பு. இந்த மழையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆய்வின் இறுதியில் அது தராசில் ஏறும்.

காலம்: மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்கள். அதாவது சம்பளம். ஹட்டனில் பணத்தைப் பத்திரப்படுத்துவதற்கான ஏற்பாடு துரைமாரின் வசதிக்காக 1888இலேயே ஒரு சிறு வங்கியாகத் தொடங்கி, இன்று ஹட்டன் நாஷனல் வங்கி என்று நாடெங்கும் கிளைவிட்டிருக்கிறது. செலவழிப்பதற்கான ஏற்பாடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய ஹோட்டல்களில் இருக்கிறது. இரண்டாவது நிறுவனத்தையே இங்கே ஆராய்கிறோம். (ஹோட்டல் என்றால் அறை, கட்டில், நீச்சல் தடாகம் என்று நினைக்கும் வெளியூர் வாசகர் மன்னிக்க. இங்கே அதற்கு ஒரு மேசை, நான்கு கதிரை, ஒரு கண்ணாடி அலுமாரி போதும்.)

3. பானவியல்

3.1 ஒதுங்கல் வாடகை. மழைக்குக் கடையோரம் ஒதுங்குவது இலவசம். கடைக்குள் ஒதுங்கினால் ஒரு பிளேன்டி, அதாவது பால் சேராத தேநீர். இந்தக் கட்டணம் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. மீறியவரையும் காண முடியவில்லை. ஒரு பிளேன்டி ஏறத்தாழ ஒரு பாட்டம் மழையைத் தாங்கும். அடைமழை என்றால் இரண்டாவது கோப்பை தர்மம்.

3.2 பிளேன்டியின் வகைகள். சீனி போட்டது, சீனியைக் கையில் வாங்கி நக்கிக்கொண்டே குடிப்பது, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது, இஞ்சி தட்டிப் போட்டது. மூத்தோர் கையில் வாங்கும் கட்சி. சீனி கோப்பைக்குள் கரைந்துவிட்டால் எவ்வளவு போட்டான் என்று தெரியாது, உள்ளங்கையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாக இது ருசி பற்றிய தகராறு. உள்ளே கணக்குத் தகராறு. பிற்பகுதியில் இது நமக்கு உதவும்.

3.3 சாயம். "தம்பி, சாயம் கூட்டி, சீனி கொறச்சி" என்று சொல்பவர் தோட்டத்துக்காரர். "லைட்டா போடுங்க" என்பவர் கொழும்பிலிருந்து வந்தவர். சாயம் கூடியதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து, மலையில் விளைகிற நல்ல தூள் கீழ்நோக்கியே ஓடுகிறது. 1883இல் கொழும்பில் ஏலம் ஆரம்பமான பின் ஓட்டம் இன்னும் வேகம். இன்றும் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறுகிறது. பறித்தவருக்கு மிஞ்சுவது டஸ்ட் எனும் பொடித்தூள். டஸ்டுக்கு வாசனை மட்டு. சாயமோ ஒரு கரண்டியில் ஒரு குடும்பத்துக்கே காணும். நாலு தலைமுறை டஸ்ட் குடித்த நாக்கு கடும் சாயத்தைத்தான் தேநீர் என்று ஒப்புக்கொள்ளும். ஆக, டவுனுக்குப் போய் அவர்கள் காசு கொடுத்துக் குடிப்பதும் வீட்டில் குடிக்கும் அதே டஸ்ட்தான். வித்தியாசம், ஹோட்டலில் அதை வேறொருவர் ஊற்றி, ஆற்றி, மேசைக்குக் கொண்டுவந்து வைக்கிறார்.

3.4 பால் டீ. மாடு இங்கே மறைமுகமாகவே பங்கேற்கிறது. கடைகளில் பெரும்பாலும் பால்மா; அதில் பெருமளவு நியூசிலாந்திலிருந்து வருவது. உள்ளூர்த் தேயிலையும் அயலூர்ப் பாலும் ஹட்டனில் ஒரு கோப்பைக்குள் சந்திப்பது உலகமயமாக்கலின் சிறந்த செய்முறை விளக்கம். 2022 மார்ச்சில் பால்மா விலை ஏறி ஒரு கோப்பை பால் டீ 100 ரூபாயைத் தொட்டபோது, பலர் ஒரே இரவில் பிளேன்டி மார்க்கத்துக்கு மதம் மாறினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு.

4. தட்டு

இனி ஆய்வின் மையப் பொருள். மேசையில் உட்கார்ந்தவுடன், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு தட்டு வரும். அதில் ரோல்ஸ், கட்லட், பட்டிஸ், பருப்பு வடை, மீன் பணிஸ், முக்கோணமாய் மடித்த மரக்கறி ரொட்டி, சில கடைகளில் சீனி தூவிய கிம்புலா பணிஸ். இவற்றின் கூட்டுப் பெயர் ஷார்ட் ஈட்ஸ். நான்கு பேர் உட்கார்ந்த மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு உருப்படி வரும். அத்தனையையும் தின்ன வேண்டும் என்று கலங்கி, பாதி பட்டிஸோடு திணறி, பில் எவ்வளவு வருமோ என்று வியர்த்த வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தட்டின் அரசியலமைப்பு கீழே தரப்படுகிறது.

உறுப்புரை 1: தின்றதற்கு மட்டுமே காசு.
உறுப்புரை 2: தொட்டது தின்றதாகக் கொள்ளப்படும்.
உறுப்புரை 3: தொடாதது அடுத்த மேசையின் சொத்து.
உறுப்புரை 4: கணக்கைத் தின்றவரே சொல்வார்.

இரண்டாம் உறுப்புரையே வழக்குகள் நிறைந்தது. ரோல்ஸ் சூடா என்று விரலால் அழுத்திப் பார்த்தல் தொடுதலாகுமா? ஆகும். பிள்ளை கை நீட்டி, தாய் தட்டிவிட்டு, விரல் நுனி கட்லட்டை உரசினால்? பரிமாறும் தம்பி பார்த்திருந்தால் ஆகும். பார்க்காவிட்டாலும் தாய் பார்த்திருப்பாள். "தொட்டுட்ட, தின்னு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மேன்முறையீடு கிடையாது. பிள்ளைகள் இந்தச் சட்ட நுணுக்கத்தை மிக இளவயதிலேயே கற்று, வேண்டிய பண்டத்தைத் தவறுதலாகத் தொடுகிறார்கள்.

எதை முதலில் எடுப்பது என்பதில் இரு சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. வடைவாதிகள் மலிவானதில் தொடங்கிப் பசியின் முனையை மழுக்கிவிட்டு, பிறகு நிதானமாக ஒரு ரோல்ஸுக்கு வருகிறார்கள். ரோல்ஸ்வாதிகள் பசி கூர்மையாக இருக்கும்போதே விலை கூடியதைத் தின்றால்தான் காசுக்குப் பெறுமதி என்கிறார்கள். முதல் பள்ளியில் தாய்மார் அதிகம், இரண்டாவதில் தகப்பன்மார். பிள்ளைகள் மீன் பணிஸைப் பிட்டு உள்ளேயிருப்பதைத் தின்றுவிட்டு வெறும் பணிஸைத் தாயிடம் நீட்டும் மூன்றாவது பள்ளி. அதற்கு இன்னும் கோட்பாடு எழுதப்படவில்லை.

நான்காம் உறுப்புரை இப்படி நடைமுறைக்கு வருகிறது:

"என்னா அண்ணே சாப்ட்டீங்க?"

"மூணு ரோல்ஸ், ரெண்டு வடை, ஒரு பணிஸ். பிளேன்டி நாலு."

தம்பி தட்டைத் திரும்ப எண்ணுவதில்லை. முதலாளி இருக்கும் மேசைப் பக்கம் திரும்பித் தொகையைக் கத்துகிறான். அவ்வளவே. அலுமாரிக்குள் பூட்டி வைத்து, கேட்டால் இடுக்கியால் எடுத்துத் தரும் கடைகளும் இப்போது உண்டு. அங்கேயும் ருசி ஒன்றுதான். மரியாதை ஒரு படி குறைவு.

5. ரயிலில் வடை: ஒரு தாள் ஆராய்ச்சி

பஸ்ஸை விட்டு ரயிலேறுவோருக்குத் தனி இயல் தேவை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே இஹல வட்டவளை, ரொசல்ல. இந்தச் சிறு தூரத்துக்குள் வடைக் கூடை ஒருமுறையாவது கடந்து போகும். வடையைச் சுற்றித் தரும் தாள் பெரும்பாலும் பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்தது. எண்ணெய் ஊறியதும் எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதால் இது சிறந்த ஆவணக் காப்பகம். யாரோ ஒரு பிள்ளையின் வகுத்தல் கணக்கு, சிவப்பு மையில் பிழை. வடையைத் தின்றபடி தகப்பன் அந்தக் கணக்கைத் தன் மகளிடம் காட்டி, "சரியா செஞ்சு காட்டு" என்பார். அவள் செய்து காட்டுவதற்குள் ஹட்டன் வந்துவிடும். தீவின் முறைசாராக் கல்விக்கு வடை ஆற்றும் பணி பற்றித் தனியே ஆய்வு வேண்டும்.

6. சோறும் கொத்தும்

இது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயிறு நிறைவது ஆய்வுக்கு உகந்த நிலை அல்ல. பகலில் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, மீனோ முட்டையோ, அப்பளம். வெறுஞ்சோறும் பருப்பும் மறுபடி கேட்டால் வரும். மீன் மறுபடி வந்தால் கணக்கும் வரும். இரும்புத் தகட்டில் ரொட்டியைக் கொத்தும் சத்தம் மாலையில் கிளம்பும். அதற்குள் வட்டவளை பஸ் போய்விடும் என்பதால் கொத்து பெரும்பாலும் பார்சலாகவே வீடு சேர்கிறது. லயத்து வரிசை வீட்டில் அதைத் திறந்ததும் பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு கிண்ணம் போவது விதி. வீட்டு அன்றாடம் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும். அதன் முன் டவுன் கொத்து தோற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே கொத்தை முடிப்பார்கள்.

7. பிற பானங்கள்

தவறணை பற்றிய இயல் சுருக்கமானது. டவுனுக்குப் போன ஆண் தொகுதியில் ஒரு பகுதியினர், "சாமான் வாங்கிட்டு வாறன்" என்று பிரிந்து, சாமான் இல்லாமல் திரும்புகிறார்கள். போயா தினத்தில் நாடெங்கும் மதுக்கடைகள் மூடியிருக்கும். இறைச்சிக் கடைகளும் அப்படியே. ஆகவே சம்பளமும் பௌர்ணமியும் ஒன்றாய் வரும் மாதம் தாய்மாருக்கு உகந்தது. பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் மலையகத்தில் தழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளரின் துணிபு.

8. கண்டறிந்தவை

இப்போது தராசுக்கு வருவோம். மலையில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் நாள் மடுவத்தில் முடிகிறது. அங்கே நிறுக்கிறார்கள். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ என்று ஒரு வரம்பு. குறைந்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடும். மூட்டைக்கு இவ்வளவு கழிவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு கழிவு. 5,000 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் ஈரக் கழிவு என்பது வானத்துக்கே போடும் வரி. அதன் பின் சம்பளச் சிட்டை: சேமலாப நிதி, சங்கச் சந்தா, வாங்கிய முற்பணம், தேயிலைத்தூள். தான் பறித்த இலை தூளாகித் திரும்பிவந்து தன் சிட்டையில் கழிவாக நிற்கிறது. நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்க ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது; 2024இல் அடிப்படை 1350 ஆயிற்று. தொகை மாறியது. நிறுப்பவர் ஒரு பக்கம், நிறுக்கப்படுபவர் மறுபக்கம் என்ற ஏற்பாடு மாறவில்லை.

அதே கொழுந்துப் பெண் 10ஆம் திகதிக்குப் பின் ஹட்டனில் ஒரு மேசையில் உட்காருகிறார். பத்து உருப்படி உள்ள தட்டு, முன்பணம் கேட்காமல், எடை பார்க்காமல், அவர் முன்னால் வைக்கப்படுகிறது. கடைசியில் கடைக்காரன் கேட்பது அவருடைய கணக்கை. "ரெண்டு வடை, ஒரு ரோல்ஸ்" என்று அவர் சொல்வது அப்படியே சபையில் அறிவிக்கப்படுகிறது. மாதத்தில் ஒருநாள், ஒரு கால்மணி நேரம், எண்ணுகிற அதிகாரம் அவர் கையில். உள்ளங்கையில் சீனி கேட்ட மூத்தோர் தேடியதும் இதையேதான். வட்டவளையார் டவுனுக்குப் போவது ருசிக்காக என்ற பழைய கொள்கை இதனால் வலுவிழக்கிறது. ரோல்ஸ் அவ்வளவு ருசியுமில்லை. உள்ளே உருளைக்கிழங்குதான் அதிகம்.

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

9. பரிந்துரைகள்

வெளியூரார் கவனத்துக்கு: தட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். தின்றதைச் சரியாக எண்ணிச் சொல்லுங்கள். ஒரு வடையை மறைத்து நீங்கள் அடையும் இலாபத்தில், பலகாலமாகப் பிழையின்றி ஓடும் ஒரு கணக்குமுறை நட்டப்படும்.

ஹோட்டல் முதலாளிமார் கவனத்துக்கு: பட்டிஸைச் சிறிதாக்கினாலும் தட்டை எடுத்துவிடாதீர்கள்.

தோட்ட நிர்வாகங்கள் கவனத்துக்கு: தட்டின் அரசியலமைப்பை மடுவத்துக்கும் விரிவுபடுத்துவது சாத்தியமா என்று பரிசோதனை அடிப்படையில் ஆராயலாம். நான்காம் உறுப்புரை உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்பதை ஆய்வாளர் அறிவார். இரண்டாம் உறுப்புரையோடு தொடங்குங்கள். டவுனில் தொட்டது தின்றதாகக் கொள்ளப்படும் என்றால், மலையில் பறித்தது நிறுத்ததாகக் கொள்ளப்பட வேண்டும், மழைத்துளி உட்பட.