பெண் பார்க்கும் சந்தை

கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007-இல் தொடங்கிய ஃபிலிம் பஜாரில், பல நாட்டார் சேர்ந்து படமெடுக்கும் கூட்டுத்தயாரிப்புக்கென்றே தனிச் சந்தை உண்டு. பெண் பார்க்கும் படலமேதான். ஒரு மேசை, நாலு நாற்காலி, கொஞ்ச நேரம். வெளிநாட்டார் கதையைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊர்ப் பணம் எவ்வளவு தயார்?" என்பார். "நீங்கள் கையெழுத்துப் போட்டால் வந்துவிடும்" என்பார் நம்மவர். அவரும் தம் ஊர் நிதியத்தில் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

பணம் வந்தாலும் சும்மா வராது. எங்கள் நாட்டு நிதியா, எங்கள் நாட்டில் செலவழி. ஆகவே மும்பை மழையின் சத்தத்தை ஐரோப்பாவில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்துக்கு பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி என்று பல வீட்டுச் சீர். 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. அப்புறம்தான் கூத்து. இது இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் மாதிரி இருக்கிறது என்று நம் ஆஸ்கர் தேர்வுக்குழு கைவிரித்தது. பிரான்ஸாவது ஆஸ்கருக்கு அனுப்பியதா? இறுதிப் பட்டியல்வரை வைத்திருந்துவிட்டு, மெக்சிகோவில் கதை நடக்கும், பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் 'எமிலியா பெரெஸ்' படத்தை அனுப்பியது!

தயாரிப்பாளர்களே, லாபப் பங்கு, டிவி உரிமை எல்லாம் பேசி முடித்தபின், ஆஸ்கர் சமயத்தில் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.