காளத்தி நாகமும் கலர் டிவி நாகமும்: ஓர் ஒப்பாய்வு

பாம்புக்கு மாமியார் வாய்த்தது எப்போது என்னும் கேள்வியை ஆய்வுலகம் இனியும் தள்ளிப்போட முடியாது.

ஆய்வுக்களம் ஸ்ரீகாளஹஸ்தி, 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம், நம்மவர்களுக்கு எப்போதும் காளத்தி. தலபுராணப்படி இங்கே ஒரு நாகம் சிவலிங்கத்துக்கு மாணிக்கம் சாத்திப் பூஜித்தது. பின்னாலேயே வந்த யானை அதைத் தட்டிவிட்டு, சுவர்ணமுகி ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, வில்வத்தைப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் நாகம் வந்து வில்வத்தைத் தள்ளிவிட்டு மறுபடியும் மாணிக்கம். கடைசியில் பொறுமை இழந்த நாகம் துதிக்கைக்குள் புகுந்தது, வலி தாங்காத யானை கல்லில் மோதிக்கொண்டது, இருவருக்கும் முக்தி. 16ஆம் நூற்றாண்டில் தூர்ஜடி இதைத் தெலுங்குக் காவியத்தில் வைத்தார். எவ்வளவு இழுத்தாலும் இரண்டு எபிசோடு தேறாது.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது, 2015இல் கலர்ஸ் சேனலில் தொடங்கிய 'நாகின்'. அடுத்த ஆண்டே பாலிமரில் தமிழ் பேசி 'நாகினி' ஆனது. இங்கும் மாணிக்கம் உண்டு, ஆத்திரம் உண்டு. நாகமணிக்காகத் தன் பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடி வருகிறாள் ஷிவன்யா. கொத்திவிட்டுப் போயிருக்கலாம், விஷம் கைவசம்தான். அவளோ அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைக்கே கழுத்தை நீட்டுகிறாள். முன்னது துதிக்கையில் புகுந்தது, பின்னது குடும்பத்தில். துதிக்கைக்கு ஒரு முடிவு உண்டு.

பிறகு 2017இல் சுந்தர்.சியின் 'நந்தினி' சன் டிவியில் தமிழும் ஜெமினியில் தெலுங்கும் பேசிற்று. இரண்டு மொழியும் புழங்கும் சித்தூரில் எந்தப் பக்கம் ரிமோட்டை அமுக்கினாலும் பாம்புதான்.

மனித உருவம் எடுப்பதில் இவ்வாய்வாளருக்கு ஆட்சேபம் இல்லை. 1979இல் 'நீயா'வில் ஸ்ரீப்ரியாவே எடுத்தார். ஆனால் சமையலறைக்குள் நுழையும்போது கண் நீலமாவதும், ஒரே முகத்தை மூன்று முறை இடி முழக்கத்தோடு காட்டுவதும் எந்தப் புராணத்திலும் இல்லை.

இதைவிட முக்கியமான முரண் ஒன்று உண்டு. காளத்தி ராகு கேது தலம். சர்ப்ப தோஷத்தால் வரன் தட்டிப்போகிறது என்று வருகிறவர்கள், உளுந்தும் கொள்ளும் சின்ன நாக உருவங்களும் வைத்த தட்டோடு வரிசையாக உட்கார்ந்து பரிகாரம் செய்கிறார்கள். அதாவது கோயிலில் பாம்பு மனசு வைத்தால் கல்யாணம் நடக்கும். சீரியலில் பாம்புக்கே கல்யாணம் நடக்கிறது, நம் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் ஜாதகம் பொருந்தவில்லை. தோஷம் யாருக்கு என்று ஜோதிடர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தரப்புக்கு மட்டும் அநீதி தொடர்கிறது. ஸ்ரீ என்ற சிலந்தி, காளம் என்ற பாம்பு, ஹஸ்தி என்ற யானை: ஊர்ப்பெயரில் முதல் இடம் சிலந்திக்கு. லிங்கத்துக்கு நிழலாக வலை பின்னியதும் அதுதான். ஆனாலும் சீரியல்காரர்கள் அதைச் சீந்துவதில்லை. எட்டுக் காலுக்கும் கொலுசு கொடுக்க ஒரு நகைக்கடை முன்வந்தால், முதல் பாகத்தை எழுதித்தர இவ்வாய்வாளர் தயார்.