கரண்டு வந்ததும் பேசுங்கள்

பழைய லேண்ட்லைன் போனுக்கு நம் வீட்டுக் கரண்டு வேண்டியிருக்கவில்லை. செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. அங்கே அறை நிறைய பேட்டரி, பேட்டரிக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டர். சைதாப்பேட்டை முழுக்க இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் கேட்கும். மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இன்னும் எவ்வளவு நேரம்யா?" என்று கத்த முடிந்தது அதனால்தான். அங்கே ரிசீவரைக் கழற்றி மேசைமேல் வைத்திருப்பார்கள் என்பது வேறு கதை. கத்துவதற்கான வசதியாவது நம் கையில் இருந்தது.

அந்த வசதியை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனவர்கள் திருடர்கள் மாதிரி வரவில்லை. டை கட்டிக்கொண்டு, டேப்லெட்டோடு, மிகுந்த மரியாதையாக வந்தார்கள். "சார், காப்பர் லைனெல்லாம் எடுத்துடப் போறாங்க. ஃபைபருக்கு மாறிடுங்க. அதே நம்பர், அதே போன், இந்தியா முழுக்க ஃப்ரீயா பேசலாம். உங்களுக்கு ஒண்ணுமே மாறாது சார்." அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் வாசகர், "எங்கள் கம்பெனியும் இப்படித்தான்" என்று சொல்லப்போகிறார்.

ஒன்றுமே மாறாது என்றார்களே, மாறியது இதுதான். வீட்டுக்குள் வந்தது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. அந்த வெளிச்சத்தைப் பேச்சாக மாற்ற சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதன் பிளக்கை நம் சாக்கெட்டில் சொருகினார்கள். நம் குரலை நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி இன்டர்நெட் பொட்டலங்களாக அனுப்புவது அந்தப் பெட்டிதான். மேசைமேல் இருக்கும் பழைய போன் இனி பெட்டிக்கு ஒரு வாயும் ஒரு காதும், அவ்வளவே. கரண்டு போனால் பெட்டி அணையும், போனும் பிணமாகும். எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொண்ட பேட்டரி வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, அதற்கு மேம்பாடு என்று பெயரும் வைத்து, மாட்டுவதற்கு இன்ஸ்டலேஷன் கட்டணமும் வாங்கினார்கள். கரண்டு இல்லாவிட்டால் போன் இல்லை என்று கையெழுத்து வாங்கும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதற்கு என் ஊரில் ஏமாற்று என்று பெயர். அவர்கள் ஊரில் விற்பனை இலக்கு என்கிறார்கள்.

மழைக்காலத்தில் இதன் அழகைப் பார்க்க வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். நியாயம்தான், நிறுத்தத்தான் வேண்டும். மின்தடை பற்றிப் புகார் சொல்ல 2021-ல் 'மின்னகம்' என்று 24 மணி நேரச் சேவை மையம் தொடங்கினார்கள். தண்ணீர் பற்றிச் சொல்ல சென்னை மாநகராட்சியின் 1913 இருக்கிறது. பாட்டிக்கு மூச்சுத் திணறினால் 108. மூன்றுக்கும் வேண்டியது ஒரு போன். அந்தப் போனுக்கு வேண்டியது கரண்டு. கரண்டு இல்லை என்று சொல்லத்தான் போனே தேவைப்படுகிறது.

"செல்போன் இருக்கே சார்?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். 2015 டிசம்பரில் அடையாறு மறைமலையடிகள் பாலத்தை எட்டிப்பிடித்தபோது சைதாப்பேட்டைக்காரன் கையிலும் செல்போன் இருந்தது. 2016-ல் வர்தா புயல் மரங்களை வேரோடு சாய்த்த வாரத்திலும் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகும் இருந்தது. கையில் இருந்தது, டவரில் உயிர் இல்லை. டவருக்கும் பேட்டரிதானே, அதற்கும் டீசல்தானே, டீசல் வண்டிக்கும் அதே தண்ணீர்தானே. வெள்ளத்துக்கு எதிராக ஒரு நகரத்துக்கு இருந்த பழைய கம்பியைச் சுருட்டி எடைக்குப் போடும் முன்னால், அதன் இடத்தில் என்ன வைக்கிறோம் என்று யோசித்த அதிகாரி ஒருவர் இருந்திருந்தால் அவர் படத்துக்கு நானே மாலை போடுவேன்.

செம்புக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. போனுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கூடுதல் டெபாசிட் கட்டியவனுக்கு ஒரு வரிசை, எம்.பி. கோட்டாவில் கடிதம் வாங்கியவனுக்கு ஒரு வரிசை, மற்றவனுக்கு ஆண்டவன் விட்ட வழி. போன் என்பது ஆடம்பரம், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுக்கலாம் என்று இந்திரா காந்தி அமைச்சரவையில் இருந்த சி.எம். ஸ்டீபன் நாடாளுமன்றத்தில் சொன்னதாக இன்றும் ஒரு கதை உலவுகிறது. மழை பெய்தால் நம் போனில் பக்கத்துத் தெருக் கல்யாணப் பேச்சு கேட்கும். தீபாவளிக்கு லைன்மேனுக்கு இனாம் கொடுக்காவிட்டால் பொங்கலுக்கு லைன் இருக்காது. எல்லாம் உண்மை.

ஆனால் அந்த லைன்மேனுக்கு ஒரு முகம் இருந்தது. சைக்கிளில் வருவார். ஜோன்ஸ் ரோட்டில் எந்தத் தூணில் எந்த ஜோடிக் கம்பி யாருடையது என்று மனப்பாடமாகத் தெரியும். திட்டலாம், கெஞ்சலாம், காப்பி கொடுக்கலாம். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து ஒரே நாளில் 78,569 பேர் வெளியேறினார்கள். ஊழியர்களில் பாதிப்பேர். விருப்பம் எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். தனியார் கம்பெனிகள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே லைன்மேனைக் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டன. காலியான அந்த வேலைக்கு இப்போது ஆள் எடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, ஞாயிறு விடுமுறையும் கிடையாது. அந்த ஆள் நீங்கள்தான்.

நம்பவில்லையென்றால் ஒரு தடவை புகார் செய்து பாருங்கள். முதலில் பதிவு எந்திரம். தமிழுக்கு ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தினால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டு வைப்பார்கள். பிறகு, பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து அழைக்கவும் என்பார்கள். பதிவு செய்யப்பட்ட எண் எது? செத்துக் கிடக்கிறதே, அதே எண்தான். எப்படியோ தப்பித்து ஒரு மனிதக் குரலைப் பிடித்தால் அது சொல்லும்: "சார், மோடத்தை ஆஃப் பண்ணிட்டு முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க." பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது என்றால், வெளியிலிருந்து வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் இழை அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அணில் கடித்திருக்கும். பெட்டியை ஆயிரம் முறை அணைத்து ஏற்றினாலும் பஜார் ரோட்டில் அறுந்த இழை ஒட்டாது. இது அந்தக் குரலுக்கும் தெரியும். ஆனால் அதன் முன்னால் இருக்கும் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தக் குரலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளை எழுதியவன் ஏசி அறையில் இருக்கிறான், அவன் மேல்தான்.

சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை, இன்டர்நெட் ஓடுகிறது, போன் மட்டும் ஊமை. அப்படியென்றால் பெரும்பாலும் உங்கள் எண் அவர்களுடைய சர்வரில் பதிவாகாமல் நிற்கிறது. அதை அவர்கள்தான் அங்கிருந்து சரிசெய்ய முடியும். "உங்க போன் இன்ஸ்ட்ருமென்ட் பழசு சார், மாத்துங்க" என்பார்கள். குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று சொன்னால், "பெரிய பிளானுக்குப் போங்க சார்." ஒரு போன் பேச்சுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் கூட வேண்டாம். நூறு மெகாபிட் வாங்கியவனிடம் இருநூறு வாங்கச் சொல்வது, தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்றால் ஏரியை வெட்டச் சொல்வது மாதிரி. உண்மைக் காரணம் பெரும்பாலும் சின்னது. அடுத்த அறையில் பையன் போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருப்பான், அந்த நெரிசலில் குரல் பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். வைஃபையில் பேசுகிறவர் அதை விட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வயர் இழுத்தால் பாதிக் குறை தீரும். பெட்டிக்குள்ளே குரலுக்கு முதலிடம் கொடுக்கும் வசதி இருந்தால் அதைத் திறந்துவிட்டால் மீதியும் தீரும். அதன் பாஸ்வேர்டைக் கம்பெனி தன் மடியில் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் நான் ஏன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது? பஸ் ஏறுகிறவன் எஞ்சின் பிரித்துப் பார்க்கக் கற்கிறானா?

கடைசியில் நேரில் வருபவர் கம்பெனி ஆள் அல்ல. கம்பெனிக்கு பிரான்சைஸ், பிரான்சைஸுக்கு ஏரியா கேபிள்காரர், கேபிள்காரருக்கு ஒரு பையன். அந்தப் பையன் ஒரே பைக்கில் சின்னமலையிலிருந்து மேற்கு மாம்பலம் வரை ஓடுகிறவன். பசி முகத்தில் தெரியும். "தம்பி, என்னப்பா ஆச்சு?" என்றால் வானத்தைக் காட்டுவான். "கட்டு சார். கம்பத்துல தொங்குற ஒயரையெல்லாம் கார்ப்பரேஷன் அறுத்துட்டாங்க." மாநகராட்சியைக் கேட்டால், அனுமதி இல்லாமல் கட்டியதை அறுத்தோம் என்கிறது. அதுவும் நியாயம். பிரான்சைஸைக் கேட்டால் மின்கம்பம் மாற்றினார்கள் என்கிறார். மின்வாரியமோ மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள் என்கிறது. அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 621 கோடி ரூபாயில் மேம்பாலம் கட்டத் தொடங்கினார்கள், அங்கேயும் தோண்டல். எல்லோரும் அடுத்தவர் மண்வெட்டியைக் காட்டுகிறார்கள். யார் சொல்வதும் பொய்யில்லை. அதுதான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். இத்தனை பேர் பங்கு போட்ட பொறுப்பில் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வேலை: பில் அனுப்புவது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். சட்டத்தின் நகைச்சுவை உணர்வு சாதாரணமானதல்ல. 2002 ஏப்ரலில் இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு அனுமதி கொடுத்தார்கள். எப்படி? சைதாப்பேட்டையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டொரண்டோவில் இருக்கும் போனுக்குப் பேசலாம், மாம்பலத்தில் இருக்கும் போனுக்குப் பேசக் கூடாது. உள்ளூர்க் கம்பெனிகளின் கல்லாவைக் காப்பதற்காக எழுதிய இந்த விதி 2018 வரை நின்றது. அதற்குள் 2015-லேயே வாட்ஸ்அப் அழைப்பு வந்து ஊரே சட்டத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தது.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா? கேரளத்தில் ஒருவருடைய போனைத் துண்டித்ததற்கு நுகர்வோர் மன்றம் 5,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொலைபேசித் துறை அந்த 5,000 ரூபாயைக் கட்டாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, போன் தகராறுக்கு மத்திய அரசு நியமிக்கும் நடுவர்தான் வழி, நுகர்வோர் மன்றம் அல்ல என்று 2009-ல் தீர்ப்பு வாங்கியது. அதைக் காட்டி எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 பிப்ரவரியில். பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் கோடிக்கணக்கான சந்தாதாரர்கள் தந்திச் சட்டத்தின் பிடியில் இருந்தார்கள். நடுவில் 2013-ல் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். தந்தி செத்துவிட்டது, 7பி சாகவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்? அது தனிமனிதப் புகாரைத் தொடாது, கம்பெனியிடமே போகச் சொல்லும். கம்பெனியில் புகார் தீராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2012 விதி. மேல்முறையீட்டு அதிகாரி எங்கே இருக்கிறார்? அதே கம்பெனிக்குள்.

நம்மைவிடக் கண்ணாடி இழையில் முன்னால் போனவர்கள் இந்தச் சிக்கலை முன்பே பார்த்துவிட்டார்கள். கரண்டு போனால் போன் பேசாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும், எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியை அவர் வாங்கிக்கொள்ளும் வழியும் காட்ட வேண்டும், பிறகு அது 24 மணி நேரமாக வேண்டும் என்று 2015-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. பிரிட்டனில் லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளில் கரண்டு போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு போக வழி செய்ய வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பு சொல்லியிருக்கிறது. அங்கேயும் கம்பெனிகள் யோக்கியர்கள் அல்ல. முதியவர்கள் கழுத்தில் தொங்கும் அவசரப் பட்டன் இந்த மாற்றத்தில் ஊமையாகிப்போனதும், 2023 டிசம்பரில் அரசு கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது. எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். செல்போனில் பச்சை எது சிவப்பு எது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது, விரல் தடவியே பழைய போனில் மகனுக்குப் போடுவார். அவரிடமும் "ஒண்ணுமே மாறாதும்மா" என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரிச்சி தெருவுக்குப் போனால் மோடத்துக்கென்றே கைக்கடக்கமான யுபிஎஸ் விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, சில மணி நேரம் தாங்கும். அதைக் கம்பெனி பெட்டியோடு சேர்த்தே மாட்டித்தரட்டும். இழைக்குள் வெளிச்சத்தை அனுப்ப அவர்கள் வைத்திருக்கும் கருவிக்கும் ஒரு பேட்டரி போடட்டும், இல்லாவிட்டால் என் பேட்டரி யாரோடு பேசும்? விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில், கரண்டு போனால் இந்தப் போன் பேசாது என்று அச்சடிக்கட்டும். பையனுக்கு மாதச் சம்பளமும் பெட்ரோலும் கொடுக்கட்டும். பேட்டரி விலையை என் மாத வாடகையில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும், கொடுக்கிறேன். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போட்டுக்கொள்ளலாம். அந்த லைன் மட்டும் எந்த மழையிலும் அறுந்ததில்லை.