பாசிப் பேரேடு

செட்டிநாட்டில் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள மனித வகைகளுள், கடலே இல்லாத காரைக்குடியில் அமர்ந்து கடற்பாசி சேகரிப்பவரைத் தனி இனமாகவே கொள்ளுதல் வேண்டும். இவர் மூழ்கும் கடல் ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்னும் வீடியோ கேமில் உள்ளது. நிண்டெண்டோ நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட அதில் கொல்ல வேண்டிய பகைவர் எவருமின்றி, தீவொன்றில் வீடு கட்டி, மீன் பிடித்து விற்று, கடனை அடைத்துக் காலந்தள்ளுவதே ஆட்டம் என்பதால், அதனை வாழ்க்கைப் பாவனை விளையாட்டு என வகைப்படுத்துவர்.

அவ்வாண்டு ஜூலையில் முக்குளிப்பு சேர்ந்தது முதல் இவருடைய தொழில் பாசி எடுப்பதே. கடலடியில் கிடைக்கும் 40 உயிர்களுள் நண்டும் இறாலும் நழுவி ஓட, பாசியோ நிழலாகத் தெரிந்த இடத்திலேயே காத்திருக்கும். ஓடாத இரையை விரும்புவதற்குப் பெயர் சோம்பல் அன்று, நிதானம் என்பது இவர் கொள்கை. ஒரு பாசி 600 பெல், அதாவது அத்தீவு நாணயத்தில் அறுநூறு. கடிகாரத்தை மாற்றிவைத்துப் பாசி கிடைக்காத ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தாண்டிவிடுவோரை இவர் கள்ளக்கணக்கு எழுதுவோராகவே கருதுவார். கொள்ளுத்தாத்தா பர்மாவில் லேவாதேவி செய்து கட்டிய வீட்டின் பட்டாலையில் சாய்ந்தபடி, வட்டிக்கடைகளில் வரவு செலவைத் தொகுத்து எழுதிய ஐந்தொகை என்னும் அறிக்கையின் ஒழுங்கிலேயே பாசிக்கணக்கும் எழுதுவார். பரம்பரை எங்கேனும் வெளிப்பட்டுத்தானே ஆக வேண்டும்!

தீவிலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒன்றே போதும் என்று அங்குள்ள ஆந்தை சொல்லிவிடும். எஞ்சியவற்றை விற்க இவருக்கு மனம் வராது. பையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் இயலாதாகையால், பாசிகள் தீவு வீட்டின் தரையெங்கும் பரவி நிற்கும். பயன்படாத இரும்பு வாளிகளும் பீங்கான் ஜாடிகளும் இரண்டாம் கட்டு அறைகளில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பிறந்தவருக்கு இதில் விந்தை ஏதும் தோன்றுவதில்லை.

மண்டபம், பாம்பன் கரைகளில் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி மூழ்கி எடுக்கும் மெய்ப்பாசியோ இவர் ஆய்வெல்லைக்கு வெளியே உள்ளது. அப்பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, பக்கோடாப்பாசி எனப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவர். முதலிரண்டிலிருந்து கிடைக்கும் அகர் என்னும் உறைபொருளைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டுத் துண்டு போட்டால் நோன்புக் காலத்துக் கடற்பாசி இனிப்பாகும். அத்தகைய துண்டொன்றை அடுத்த வீட்டார் தட்டில் வைத்து அனுப்பியபொழுது, பாசி தின்னும் வழக்கம் தமக்கில்லை என்று இவர் திருப்பி அனுப்பியதாகத் தெருவில் பேச்சு உண்டு.

இவர் பெருமையோடு எடுத்துரைப்பது அந்த ஆட்டத்தில் வரும் டாம் நூக் என்னும் தொழிலதிபரைத்தான்: ரக்கூன் நாய் வடிவினரான அவர் வீடு கட்டக் கடன் கொடுப்பார், வட்டியும் கிடையாது, தவணைக் கெடுவும் கிடையாது. இதைக் கேட்ட அப்பத்தா, வெற்றிலையை மடித்த கை அப்படியே நிற்க, கேட்டார்:

“வட்டி இல்லாமலா? அவன் கடை எத்தனை நாளைக்கப்பா நிக்கும்?”