ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

வீட்டில் வேண்டாததைக் கழிக்க முதலில் மனசைத் தயார் செய்யணும் என்று யூடியூபில் ஒரு அம்மணி பத்து நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாட்றம்பள்ளியில் நான் டவுசரோடு திரிந்த காலத்தில் இதற்கு மனசெல்லாம் தேவைப்படவில்லை. பேரீச்சம்பழம் போதும்.

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழோம்" என்று தெருமுனையில் குரல் கேட்டால், வீட்டில் இருப்பது அத்தனையும் வேண்டாததாகத் தெரியும். அம்மா தண்ணிக்குப் போன நேரம் பார்த்து நான் கழித்தது ஒரு பித்தளைச் செம்பு. அவள் கல்யாணத்துச் சீர். கழுத்தடியில் பெயர் வெட்டியிருந்தது. கிடைத்தது ஒரு கைப்பிடிப் பழம், ஈயோடு சேர்த்து. மாலையில் கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம்.

மற்றபடி அன்று கழிக்க என்ன இருந்தது? கிழிந்த புடவைக்குப் பாத்திரக்காரி வருவாள். போகிக்குக் கொளுத்த ஒரு பிய்ந்த பாய் தேடினால்தான் கிடைக்கும். (போகிதோறும் எல்லோரும் எடுத்துவிடும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் சூத்திரம் மொழி வழக்கைப் பற்றியது. பவணந்தி முனிவர் பாயை நினைத்து எழுதவில்லை.)

இப்போது? 2019 நவம்பரில் வேலூர் மாவட்டமே எங்கள் ஊரையும் திருப்பத்தூரையும் இறக்கிவைத்துப் பாரம் குறைத்துக்கொண்டது. எங்கள் வீட்டு லாஃப்ட் மட்டும் இறக்கவில்லை. 2006 திட்டத்தில் வந்த இலவச கலர் டிவி அங்கே இருக்கிறது. 2011 திட்டத்தில் வந்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆட்சிகள் இரண்டும் சண்டையில்லாமல் அருகருகே இருப்பது தமிழ்நாட்டில் லாஃப்டில் மட்டும்தான்.

எதை எடுத்தாலும் அம்மா கேட்பது ஒன்றே: "இருந்துட்டுப் போவட்டும்டா, சோறா கேக்குது?"

யூடியூப் அம்மணி ஜப்பானிய மாரி கோண்டோவின் சிஷ்யை. பொருளைக் கையில் எடு, மனம் துள்ளினால் வை, இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு என்பது கொள்கை. ஒரு ஞாயிறு துணிந்து ஏணி போட்டேன். முதலில் இறங்கியவை ஷூ பெட்டிகள், பதினொன்று. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஆள் இருக்கும் வீட்டில் பீரோ இல்லாமல் இருக்கலாம், ஷூ பெட்டி இல்லாமல் இருக்காது. ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய 42 நம்பர் பெட்டியில்தான் எங்கள் ரேஷன் கார்டு, கரண்ட் பில் அட்டை, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் குடியிருந்தன.

ஒரு பெட்டியில் வட்ட வட்டமாகத் தோல் துண்டுகள், ஏழு. நடுவில் ஓட்டை. அப்பா கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். கழிவுத் தோலில் கெட்டியானதாகப் பார்த்து எடுத்துவந்து, தெரு அடிபம்புக்கு வாஷர் வெட்டுவார். பம்பு காற்று இழுத்தால் ஜனம் எங்கள் வாசலுக்குத்தான் வரும். அவர் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் மாட்டிவிட்டு, முதல் குடத்தைத் தானே அடித்துப் பார்ப்பார். அப்பா போய்விட்டார். பம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் ரோடு.

ஒன்றைக் கையில் எடுத்தேன். மனம் துள்ளவில்லை. விறைத்துப்போய், லேசாக நாறியது. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. ஏழையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாரி கோண்டோவே மூன்றாவது குழந்தைக்குப் பிறகு, 2023-இல், வீட்டை ஒழுங்குபடுத்துவதை ஓரளவு கைவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதைப் படித்த அன்றுதான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பழைய சாமான்காரர் இப்போது மினி வேனில், ஸ்பீக்கரில் பதிவான குரலோடு வருகிறார். டிவியைப் பார்த்ததும், "டியூப் டிவி வேணாம்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அரசுச் சாமான்கள் மறுபடி மேலே போயின. காகிதங்களை ஒரு துணிப்பைக்கு மாற்றி, பதினொரு பெட்டியையும் பழைய பேப்பரோடு நிறுத்துப் போட்டதில் 64 ரூபாய்.

கைக்காசு கொஞ்சம் போட்டு, நெடுஞ்சாலைக் கடையில் பேரீச்சம்பழம் வாங்கிவந்தேன். அம்மா இரண்டு தின்றுவிட்டு, "என் செம்பு இதுக்குத்தான போச்சு" என்றாள். ஈ இல்லாத, கொட்டை எடுத்த பழம். டப்பாவும் நல்ல கெட்டி டப்பா, மூடி டக்கென்று பொருந்துகிறது. கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். வாஷர் ஏழும் அதில் சரியாக அடங்கும்.