க்ரோ கத்தினால் கெஸ்ட் வருவாங்க

நான் செருப்பைக் கழற்றிப் படியேறுவதற்குள் டாடி ஆரம்பித்துவிடுவார். “கண்ணா, யார் வந்திருக்கா பாரு. அங்கிளுக்கு நோஸ் காட்டு. நோஸ் எங்க? இயர் எங்க? டம்மி எங்க?” பிள்ளை மூக்கைத் தொடுகிறது, காதைப் பிடிக்கிறது, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுகிறது. நாலு வயசு இன்னும் முடியவில்லை. நான் ‘அடேயப்பா’ சொன்ன பிறகுதான் எனக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் என்ன தண்ணீர்? வாட்டர்.

முறைப்படி நான் அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பா. அதைப் போன வருஷமே ரத்து செய்துவிட்டார்கள்.

பிள்ளையை வீட்டிலேயே ரெண்டு பாஷைக்காரனாக வளர்க்கும் இந்த டாடியை நீங்கள் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குளத்தூர் டாடிக்கு இலக்கணம் ஒன்றே ஒன்றுதான்: பெயரெல்லாம் இங்கிலீஷ், வினையெல்லாம் தமிழ். “வாட்டர் குடி. மில்க்கைக் கொட்டாத. ஹேண்டைக் கழுவு. டாக்கிட்ட போகாத, கடிச்சிரும். சன் சுடுது, உள்ள வா. லெக்கை நீட்டாத, ஸ்னேக் ட்ரீம்ல வரும்.” ஒருநாள் முருங்கை மரத்தில் காக்காய் கரைந்தது. டாடி பிள்ளையிடம், “க்ரோ கத்துது பாரு, யாரோ கெஸ்ட் வரப்போறாங்க” என்றார். வந்தது நான்தான்.

ஏன் வினைச்சொல் மட்டும் தமிழில் நின்றுவிட்டது என்று ரொம்ப நாள் யோசித்தேன். காரணம் சுவரில் தொங்குகிறது. கீரனூர்க் கடையில் வாங்கிய சார்ட். அதில் ஆப்பிள் ஆப்பிளாக நிற்கிறது, யானை யானையாக நிற்கிறது. வினைச்சொல் படத்தில் நிற்காது. நேற்று ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்திப் பிடிக்க டாடிக்கும் தெம்பு இல்லை.

ஒருவிதத்தில் இது எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். குடுமியான்மலையில் பாறையில் வெட்டியிருக்கும் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில், வடமொழியில் போகும். கடைசியில் ஒரு வரி மட்டும் தமிழில் முடியும். டாடியின் வாக்கியமும் அப்படித்தான். மேலே சீமைச் சரக்கு, முடிக்கும்போது தமிழ். அது மட்டுமா, எங்கள் தாலுகாவின் பெயர் குளத்தூர் தாலுகா, ஆபீஸ் இருப்பது கீரனூரில். பெயர் ஓரிடம், காரியம் ஓரிடம் என்பது எங்களுக்குப் புதுசில்லை.

ஆனால் சார்ட்டில் இல்லாத சாமான்கள் ஊரில் நிறைய இருக்கின்றன. பனங்கிழங்கு வந்த அன்று டாடி செல்போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். அவர் பெயரைக் கண்டுபிடித்து வருவதற்குள் பிள்ளை ரெண்டு கிழங்கை நார் உரித்துத் தின்றுவிட்டது. நுங்குக்கும் இதே கதி. பெரிய அநியாயம் நடந்தது வேலியோரத்தில். சுவரில் இருந்த பல்லியைக் காட்டி “லிசார்ட்” என்றார். சரி. வேலியில் தலையாட்டிய ஓணானும் லிசார்ட். விறகுக்கடியில் பளபளவென்று ஓடிய அரணையும் லிசார்ட். கொல்லைப் பக்கம் ஒருநாள் உடும்பு வந்தது, அது ‘பிக் லிசார்ட்’. கடிக்க வந்ததையே மறந்துவிடும் என்று ஊர் சொல்லும் பிராணி ஒன்று, பிடித்தால் விடாது என்று ஊர் சொல்லும் பிராணி ஒன்று. ரெண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் பிள்ளை எதற்கு ஓடுவது, எதற்கு நிற்பது?

இதற்கெல்லாம் சாஸ்திரம் இருக்கிறது என்பார் டாடி. யூடியூபில் பார்த்தாராம்: ஒரு ஆளுக்கு ஒரு பாஷை. அம்மா தமிழ், அப்பா இங்கிலீஷ். விஷயம் பொய்யில்லை. ஜூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியறிஞர் 1913-ல் தன் மகன் லூயியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் பிள்ளையிடம் பிரெஞ்சு மட்டும் பேசினார், அவர் மனைவி ஜெர்மன் மட்டும் பேசினார்; பிள்ளை ரெண்டையும் சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. டாடி கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். ரோன்ஜா பேசியது அவருடைய சொந்த பாஷை. கோபம், கொஞ்சல், கதை, திட்டு எல்லாம் அதில் அவருக்கு வரும். நம் டாடி மாத்தூர்ப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வர ராத்திரி எட்டு மணி ஆகும். ஒன்பதுக்குப் பிள்ளை தூங்கிவிடும். இடையில் கிடைக்கும் இங்கிலீஷ் அரை டஜன் பழமும் ரெண்டு மிருகமும்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஊசி பாசி விற்கும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். தங்களுக்குள் வாக்ரிபோலி, குஜராத்திக்கு உறவுக்கார பாஷை அது. நம்மிடம் திரும்பினால் தமிழ், அதுவும் பேரம் பேசும் தமிழ். எந்தச் சுவரிலும் சார்ட் இல்லை. ரெண்டு பாஷையிலும் அவர்களுக்குச் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

டாடியை முழுசாகத் திட்டவும் மனசு வருவதில்லை. டிப்ளமோ முடித்து முதல் இன்டர்வியூவுக்குப் போனவர். ‘உன்னைப் பற்றிச் சொல்லு’ என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அதற்குமேல் சொல் வரவில்லை. மெஷினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த ஆள், அந்த நாற்காலியில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்ததை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். “என் பிள்ளை அந்த மாதிரி உட்காரக் கூடாதுண்ணே.” அன்றைக்கு அவர் சொன்னதில் பெயர்ச்சொல்லும் தமிழாகவே இருந்தது.

சரி, அது நியாயம். ஆனால் அந்த வீட்டில் ஒரு கிழவி இருக்கிறார். அவர் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

டாடியின் அம்மா, எனக்குச் சின்னம்மா. 1991-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பகலெல்லாம் காட்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் ‘அ’ எழுதிப் பழகியவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம் அது. மாவட்டம் முழுக்கப் பொம்பளைகள் சைக்கிள் ஏறினார்கள். சின்னம்மாவும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி, கம்மாய்க் கரையில் விழுந்து, மறுபடி ஏறியவர். கைநாட்டு வைத்த கையால் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனில்தான் டாடியின் டிப்ளமோ.

அவரிடம் டாடி சொல்லியிருக்கிறார்: “ஆத்தா, பிள்ளைகிட்ட தமிழ்ல வளவளன்னு பேசாத, கன்ஃப்யூஸ் ஆயிரும்.” கதை கிடையாது. விடுகதை கிடையாது. சோறூட்டும்போது ‘ஆ’ காட்டலாம், அது ரெண்டு பாஷைக்கும் பொது. சின்னம்மா என்னிடம் சொன்னார்: “எனக்கு ‘அ’ படிக்கவே முப்பத்தஞ்சு வயசாச்சுப்பா. இவன் என்னன்னா அதப் பேசாதங்கிறான்.”

தம்பி, பிள்ளை குழம்பாது. அந்த ரோன்ஜா புத்தகமே அதைத்தான் சொல்கிறது. வீட்டில் முழுசாக ஒரு பாஷை வைத்திருக்கிற ஒரே ஆளின் வாயைப் பூட்டிவிட்டு, அரைகுறையாக வைத்திருக்கிற நீ வாத்தியார் வேலை பார்க்கிறாய். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொன்னால் அடுத்த தடவை வாட்டர் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். மூக்கு, காது, வயிறு எல்லாம் முடிந்தது. வேலிக் கம்பில் ஓணான் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “கண்ணா, அங்கிளுக்கு லிசார்ட் காட்டு” என்றார். பிள்ளை சமர்த்தாகக் கையை நீட்டியது. அந்த நேரம் உள்ளே செல்போன் அடிக்க, டாடி எழுந்து போனார். பிள்ளை அவர் முதுகு நிலைப்படி தாண்டும்வரை பார்த்தது. பிறகு என் மடியில் ஏறி, காதில் வாயை வைத்தது.

“பெரியப்பா, அது லிசார்ட் இல்ல. ஓணான். அப்பத்தா சொன்னுச்சு. டாடிகிட்ட சொல்லிறாதீங்க.”